காய்ச்சல் விட்ட பிறகு கண்ணைக் கவனிப்பது எப்படி: டெங்கு, சிக்குன்குனியா கண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவர், டெங்குக் காய்ச்சலில் ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பி, உடம்பு சற்றுத் தேறியதும் விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். முதல் மரத்திலேயே அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. பட்டையில் பழைய வெட்டு தெரிகிறது, கீழே கட்டியிருக்கும் சிரட்டை தெரிகிறது, கத்தியின் முனை படும் இடம் மட்டும் புகை மூடியது போல மறைகிறது. பார்வையை ஒரு விரற்கடை விலக்கினால் அந்த இடம் தெரிகிறது, ஆனால் புகை இப்போது வேறோர் இடத்தை மூடுகிறது. உடம்பில் இரத்தம் குறைந்ததால் வந்த சோர்வு என்று நினைத்து நான்கு நாள் பொறுத்துவிட்டு, பிறகு நான் பார்வை சோதிக்கும் கிளினிக்குக்கு வந்தார். "தம்பி, அந்தக் கடிகாரத்தில் முள்ளின் நுனி தெரிகிறது, நடுவில் இருக்கும் ஆணி தெரியவில்லை" என்று சுவரைக் காட்டிச் சொன்னார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் படிக்கச் சொன்னபோது எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்திய வரி வரை படித்தார். வலது கண்ணை மூடச் சொன்னதும், இடது கண்ணால் ஒவ்வொரு வரியிலும் நடு எழுத்துகளை விட்டுவிட்டு ஓர எழுத்துகளை மட்டும் படித்தார்.

டெங்குவுக்குப் பின் விழித்திரையின் மையத்தில் வரும் வீக்கத்தை இதைவிடத் தெளிவாக ஒருவர் விவரித்து நான் கேட்டதில்லை. குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலும் எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்திலும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்வதால், கொசுவால் வரும் காய்ச்சலும் ஆண்டில் இரண்டு முறை தலைதூக்குகிறது. அந்தக் காய்ச்சலைப் பற்றி நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும். காய்ச்சல் விட்ட பிறகு கண்ணில் வருவதைப் பற்றித்தான் தெரியவில்லை. வீட்டில் உள்ளவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும், எந்த அறிகுறிக்கு அன்றே கிளம்ப வேண்டும், மருத்துவமனையில் என்ன நடக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். நான் கண் மருத்துவர் அல்லன். மருத்துவருக்கு முன்னால் நோயாளியின் பார்வையை அளந்து குறிப்பவன். ஆகவே மருந்தின் அளவு எதையும் இதில் தரமாட்டேன்.

முதலில் காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள்

கண் சிவந்தோ மங்கியோ வரும் நோயாளியிடம் நான் முதலில் கேட்பது "கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா, வந்தால் எந்தத் தேதியில்?" என்பதைத்தான். பெரும்பாலானோர் "போன மழைக்கு", "கோயில் கொடைக்கு முந்தி" என்று பதில் சொல்கிறார்கள். அது போதாது. எந்த வைரஸ் கண்ணை எத்தனை நாள் கழித்துத் தொடும் என்பதில் ஒரு கணக்கு இருப்பதால், அந்தத் தேதி மருத்துவரின் கையில் பாதிச் சோதனைக்குச் சமம். உடம்பு சுட்ட முதல் நாளைத் தினசரி காலண்டரின் அட்டையிலாவது குறித்து வையுங்கள்.

டெங்குவில் கண் பாதிப்பு சீக்கிரம் வருகிறது. காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், அதாவது காய்ச்சல் இறங்கி, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை மிகத் தாழ்ந்து மீண்டும் ஏறத் தொடங்கும் சமயத்தில், பார்வையின் நடுவே மங்கலோ கறுப்புப் பொட்டோ தோன்றும். வீட்டார் "ஆபத்து நீங்கிவிட்டது" என்று மூச்சு விடும் நாட்கள் அவை. நோயாளியும் பல நாள் படுத்தே இருந்ததால், எதையும் உற்றுப் பார்க்கும் வேலை இல்லாமல், மங்கலைக் கவனிக்காமல் போகிறார்.

சிக்குன்குனியாவில் கணக்கு வேறு. காய்ச்சலோடு சேர்ந்தே கண் சிவப்பது உண்டு என்றாலும், கண்ணின் உட்பகுதியில் அழற்சி பெரும்பாலும் காய்ச்சல் போய்ச் சில வாரங்கள் கழித்தே வருகிறது. ஒரு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையே வருவதை அதிகம் காண்கிறோம். அதற்குள் நோயாளி காய்ச்சலை மறந்து மூட்டு வலியோடு மட்டும் போராடிக்கொண்டிருப்பார். கண் சிவந்தால் தூசி, தூக்கமின்மை, மெட்ராஸ் ஐ என்று எதையாவது காரணம் சொல்வாரே தவிர, இரண்டு மாதத்துக்கு முந்திய காய்ச்சலோடு அதைச் சேர்த்துப் பார்க்கமாட்டார்.

இதில் நானே தவறியிருக்கிறேன். கேரளத்தில் சிக்குன்குனியா பெருமளவில் பரவிய 2007இல் எங்கள் வீட்டிலும் அது புகுந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு ஆறு வாரம் கழித்து வலது கண் சிவந்தது. அப்போது நான் இந்த வேலைக்குப் புதியவன். பீளை தள்ளவில்லை என்பதையும், வெளிச்சத்தைப் பார்த்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பதையும் கண்ணால் பார்த்தும், மெட்ராஸ் ஐ என்றே முடிவு செய்து, பக்கத்து மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் வீணானது. மருத்துவர் பார்த்தபோது உள்ளே அழற்சி முற்றி, கண்ணின் நீரழுத்தமும் ஏறியிருந்தது. அம்மாவின் பார்வை தப்பியது. ஆனால் அந்தக் கண்ணின் பாப்பா, அதாவது கருவிழியின் நடுவே ஒளி நுழையும் கறுப்பு வட்டம், ஓரிடத்தில் பின்னால் உள்ள லென்ஸோடு ஒட்டிப்போய், இன்றுவரை வட்டமாக விரிவதில்லை. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து நாள் எனக்கு நினைவுக்கு வரும்.

மூன்றாவதாக வெஸ்ட் நைல் வைரஸையும் சொல்ல வேண்டும். இது டெங்குக் கொசுவால் பரவுவதில்லை. அழுக்கு நீரிலும் வயல் நீரிலும் பெருகி இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு, பறவைகளிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவருகிறது. கேரளத்தில் 2011இல் ஆலப்புழைப் பக்கமும், 2019இல் மலப்புறத்திலும் இது கண்டறியப்பட்டது. காய்ச்சலுக்குப் பின் விழித்திரையில் பல இடங்களில் அழற்சியோடு வந்த தென்னிந்திய நோயாளிகளிடமும் இந்த வைரஸ் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதில் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள்.

ஆகவே, காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து முதல் ஒரு மாதம் நாள்தோறும் ஒரு முறையும், அடுத்த இரண்டு மாதம் வாரம் இரண்டு முறையும் கண்ணைச் சோதிக்கும்படி எங்களிடம் வருபவர்களுக்கு நான் சொல்லி அனுப்புகிறேன். எந்தக் காய்ச்சல் என்று இரத்தப் பரிசோதனையில் தெரியாமலே குணமானவர்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது, ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் இட்டு நிரப்பிவிடும். அந்த அக்கா நான்கு நாள் ஏமாந்தது இதனால்தான். எனவே எந்தச் சோதனையானாலும் ஒவ்வொரு கண்ணாகச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு பக்கமும் பத்து சென்டிமீட்டர் வரும்படி ஒரு சதுரத்தைப் பேனாவால் வரைந்து, அதன் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் அமைத்த கட்டத்தாளைத்தான் கிளினிக்குகளில் நாங்கள் பயன்படுத்துகிறோம். நோட்டுப் பக்கம் அதற்கு ஈடாக வீட்டில் உதவும். கோடுகள் மிக வெளிறியிருந்தால் அவற்றின் மேல் பென்சிலால் ஒரு முறை அழுத்தி வரைந்துகொள்ளுங்கள்.

காலை வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலுக்கு அருகில், வெயில் நேரே தாளில் படாதபடி உட்காருங்கள். படிக்கக் கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். போடாமல் பார்த்துவிட்டு "கட்டம் மங்கலாக இருக்கிறது" என்று ஓடிவருபவர்கள் பலர். தாளை முகத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். உள்ளங்கையைக் குழித்து ஒரு கண்ணை மூடுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்வை கசியும். இமையை அழுத்தி மூடினால், அடுத்து அந்தக் கண்ணைத் திறக்கும்போது சற்று நேரம் எல்லாமே கலங்கித் தெரியும், அதை நோய் என்று எண்ணிவிடுவீர்கள்.

திறந்த கண்ணால் நடுப் புள்ளியை மட்டும் பாருங்கள். பார்வையை அலைய விடாமல், ஓரக் கவனத்தால் மற்றக் கட்டங்களை உணர்ந்து, உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: புள்ளி தெரிகிறதா? நான்கு மூலையும் தெரிகின்றனவா? கோடு ஏதேனும் நெளிகிறதா, உடைகிறதா? கட்டங்கள் எங்கேனும் சிறுத்தோ பெருத்தோ தெரிகின்றனவா? புகை, நிழல், வெற்றிடம் ஏதேனும் உண்டா? இருந்தால், அதே இடத்தில் பென்சிலால் சுற்றிக் காட்டி, தேதியையும் எந்தக் கண் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு மறு கண். முழுச் சோதனைக்கும் இரண்டு நிமிடம் ஆகாது.

அடுத்தது நிறச் சோதனை. முற்றத்தில் பூத்த செம்பருத்தியோ, ஒரு சிவப்பு மூடியோ போதும். வலது கண்ணால் ஐந்து விநாடி, இடது கண்ணால் ஐந்து விநாடி என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு அது செக்கச்செவேலென்றும், மற்றக் கண்ணுக்கு வெளுத்த செங்கல் போன்றும் தெரிந்தால், பார்வை நரம்பில் அழற்சி இருக்கலாம். சிக்குன்குனியாவுக்குப் பின் பார்வை நரம்பு வீங்குவது அரிதுதான். ஆனால் வந்தால் நாளைக் கடத்தக் கூடாத பாதிப்பு அது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிப்பவருக்கும் இந்த நிறவேறுபாடு முன்கூட்டியே தெரிந்துவிடுவது உண்டு.

படிக்கத் தெரியாத முதியவர்களுக்குக் கட்டத்தாள் பிடிபடாவிட்டால், ஜன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி நேராக இருக்கிறதா, வளைகிறதா, நடுவே அறுந்து தெரிகிறதா என்று அவர்கள் மிகச் சரியாகச் சொல்வார்கள். கண்புரை இருப்பவருக்கு ஏற்கெனவே மங்கல் இருக்கும். அவரிடம் "நேற்றைவிட இன்று எப்படி?" என்று கேளுங்கள். புரை மாதக்கணக்கில் மெல்ல மங்க வைக்கும். ஓரிரு நாளில் மங்கினால் அது புரையின் வேலை அல்ல.

குழந்தைகள் தாமாகச் சொல்லமாட்டார்கள். ஒரு கண்ணை மூடி அம்மாவின் முகத்தைப் பார்க்க வைத்து, "அம்மாவின் மூக்கு தெரிகிறதா, பொட்டு தெரிகிறதா?" என்று விளையாட்டாகக் கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட கண்ணை மூடும்போது மட்டும் குழந்தை கையைத் தட்டிவிட்டால், மற்றக் கண்ணில் பார்வை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எதற்கு அன்றே கிளம்ப வேண்டும்

காய்ச்சலின்போது கண்ணுக்குப் பின்னால் வலிப்பது டெங்குவின் வழக்கமான அறிகுறி. அதை வைத்துக் கண் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். வெள்ளைவிழியில் வலியில்லாமல் இரத்தம் கட்டியது போலச் சிவப்புத் திட்டு தோன்றினால், பார்க்கப் பயமாக இருந்தாலும், அதனால் பார்வைக்குக் கேடு இல்லை. இரண்டு வாரத்தில் தானே கரைந்துவிடும். ஆனால் டெங்குக் காலத்தில் அந்தத் திட்டு பிளேட்லெட் குறைந்ததைக் காட்டக்கூடும் என்பதால், காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் அதைக் காட்டியே ஆக வேண்டும்.

கீழே சொல்பவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே விழித்திரை பார்க்கும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பார்வையின் நடுவே மங்கலோ பொட்டோ தோன்றுவது, நேர்க்கோடு நெளிவது, கொசுப் பறப்பது போலப் புள்ளிகள் திடீரெனப் பெருகுவது, அல்லது மின்னல் கீற்றுப் போல ஒளி தெரிவது, ஒரு பக்கம் திரை இறங்கியது போல மறைவது, நிறம் வெளுத்துத் தெரிவது, கண்ணை அசைத்தால் உள்ளே வலிப்பது. விழித்திரை நோய்களில் பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள். "கண் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்று மற்றவர்கள் சொல்லும் ஆறுதல் அங்கே செல்லாது.

சிவப்பு விஷயத்தில் ஒரு வேறுபாட்டைப் பழகிக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் ஐ, அதாவது எல்லைக்கு அந்தப் பக்கத்தார் செங்கண்ணு என்று சொல்வது, உறுத்தலும் பீளையும் காட்டும்; காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், சிவப்பு இமைப் பக்கம் கூடுதலாக இருக்கும், பார்வை பெரிதாகக் குறையாது. சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் உள் அழற்சியில் பீளை இராது. கருவிழியைச் சுற்றி வளையம் போட்டது போலச் சிவக்கும், வெளிச்சம் குத்தும், ஆழ்ந்த வலி இருக்கும், பார்வை கலங்கும், இரண்டு பாப்பாக்களும் அளவில் ஒத்திராமல் போகலாம். இதோடு தலைவலியும் வாந்தியும் சேர்ந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால், கண்ணின் அழுத்தம் ஏறியிருக்கக்கூடும், இரவானாலும் கிளம்புங்கள்.

ஆனால் டெங்குவின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை ஓர் எச்சரிக்கை. அந்த நாட்களில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மயக்கம், கை கால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கண் எப்படி இருந்தாலும் முதலில் போக வேண்டியது பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத்தான். கண்ணைப் பிறகு அங்கேயே காட்டிக்கொள்ளலாம்.

மருந்துக் கடையும் கைவைத்தியமும்

காய்ச்சலின்போது ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் விழுங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும், அந்தக் கசிவு விழித்திரையிலும் நேரலாம்.

கண் சிவந்தவுடன் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். உள் அழற்சிக்கு மருத்துவர் கொடுப்பதும் பெரும்பாலும் அதே வகை மருந்துதானே என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் மருத்துவர் முதலில் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குப் பொறியில் பார்த்து, கருவிழியில் அக்கிப் புண் இல்லை என்று உறுதி செய்து, கண்ணின் அழுத்தத்தை அளந்து, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று கணக்கிட்டுத் தருகிறார். அக்கி வைரஸ் புண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் புண் பரவிக் கருவிழியே வெளுத்துப்போகும். அழுத்தம் ஏறியிருக்கும் கண்ணில் விழுந்தால் பார்வை நரம்பு சத்தமில்லாமல் தேயும்.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், இளநீர் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். பாட்டிமார் அன்போடு செய்வது அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கிருமி நீக்காத எந்தத் திரவமும் கருவிழியில் புதிய புண்ணை உண்டாக்கக்கூடும். பிறகு வைரஸால் வந்தது எது, சாற்றால் வந்தது எது என்று மருத்துவருக்கே பிரித்தறிய முடியாமல் போகும்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு இரு பக்கமும் வழி உண்டு. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. களியக்காவிளையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் திருவனந்தபுரத்தில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும், கண்ணாடிக்கு அளவு பார்க்கும் இடத்தோடு நிற்காமல், விழித்திரையைப் பார்க்கும் மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056 என்ற எண்ணில் கேட்கலாம்.

நம் பகுதியில் ஒரு சிக்கல், காய்ச்சலுக்கு அந்தப் பக்கம் படுத்துவிட்டு, கண்ணுக்கு இந்தப் பக்கம் வருவது. தாள்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. டிஸ்சார்ஜ் சுருக்கம், நாள்வாரியான பிளேட்லெட் எண்ணிக்கை, டெங்கு அல்லது சிக்குன்குனியாப் பரிசோதனை முடிவு, குடித்த மாத்திரைகளின் அட்டை, நீங்கள் பென்சிலால் குறித்த கட்டத்தாள் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். தாள் இல்லையென்றால் கைப்பேசியில் படம் எடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, காசநோய், கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அங்கே பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். அதன் பிறகு நான்கைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், பக்கத்தில் உள்ளது தெரியாது. எனவே பைக்கில் தனியாக வராதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். ஓ.சி.டி. என்ற ஸ்கேனில் வலி இல்லை, ஊசி இல்லை. விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்காக வெட்டிக் காட்டியது போல அது படம் தரும். அந்த அக்காவின் படத்தில், மையத்தில் சிறு குழியாக இருக்க வேண்டிய இடம் மேடாக வீங்கியிருந்ததைத் திரையில் அவருக்கே காட்டினோம். சிலருக்குக் கையில் மஞ்சள் சாயம் ஏற்றி இரத்தக் குழாய்களைப் படம் எடுப்பார்கள். அன்று தோலும், மறுநாள் வரை சிறுநீரும் மஞ்சளாக இருக்கும், பதற வேண்டாம்.

இரத்தப் பரிசோதனைகளும் எழுதுவார்கள். "கண் வலிக்கு வந்தவனுக்கு எதற்குக் காசநோய்ப் பரிசோதனை, பால்வினை நோய்ப் பரிசோதனை?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். காசநோய், சிபிலிஸ் என்ற பால்வினை நோய், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று ஆகியவையும் விழித்திரையில் இதே போன்ற அழற்சியைக் காட்டும். அவை இருக்கும்போது வெறும் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் முற்றிவிடும். ஸ்டீராய்டுக்கு முன் அவற்றை விலக்கிவிடுவது உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.

மருத்துவம் தொடங்கிய பின்

டெங்குவால் வந்த மைய வீக்கத்தில், இலேசான பாதிப்பென்றால் மருந்தே கொடுக்காமல் சில நாளுக்கு ஒரு முறை வரச் சொல்லிக் கவனிப்பார்கள். "ஒன்றுமே கொடுக்கவில்லை" என்று மனம் சலித்து வேறு இடம் தேடி அலையாதீர்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பார்வை திரும்புகிறது. பார்வை மிகக் குறைந்தாலோ இரு கண்ணும் பாதித்தாலோ ஸ்டீராய்டு தருவார்கள். பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது கண்ணைச் சுற்றி ஊசி போடுவதைத் தவிர்ப்பார்கள் என்பதால் அந்த எண்ணிக்கையைக் கேட்பார்கள். பார்வை எழுத்துப் பலகையில் முழுமையாகத் திரும்பிய பின்னும், சிறு புகைப் பொட்டு சிலருக்கு மாதக்கணக்கில் நிற்பது உண்டு. அந்த அக்காவுக்கு நான்கு மாதம் நின்றது; நோட்டில் அவர் வாராவாரம் சுற்றிய பென்சில் வட்டம் நெல்லிக்காய் அளவிலிருந்து கடுகளவாகச் சிறுத்துக்கொண்டே வந்தது.

எல்லாப் பரவலிலும் கண் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் டெங்குப் பரவலில், டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் முதல் வகை மேலோங்கியிருந்தபோது, விழித்திரை மையம் பாதித்தவர்கள் கணிசமாக இருந்தார்கள்; 2007இல் இரண்டாம் வகை பரவியபோது அந்தப் பாதிப்பு ஏறத்தாழ இல்லாமலே போனது. போன மழையில் யாருக்கும் கண்ணில் வரவில்லை என்பதால் இந்த மழையில் அசட்டையாக இருக்க முடியாது.

சிக்குன்குனியாவின் உள் அழற்சிக்குத் தரும் சொட்டு மருந்துகளைச் சரியாக விடுவதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. பால் போலக் கலங்கியிருக்கும் ஸ்டீராய்டுச் சொட்டைக் குலுக்கிய பிறகே விட வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி வெறும் நீரே கண்ணில் விழும். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள் ஓரத்தை விரலால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். பாப்பாவை விரிக்கும் சொட்டையும் சேர்த்துத் தருவார்கள்; அதனால் பக்கத்துப் பார்வை மங்குவதைக் கண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாப்பா லென்ஸோடு ஒட்டாமல் காப்பது அந்தச் சொட்டுதான், அம்மாவின் கண்ணுக்குக் காலத்தில் கிடைக்காமல் போனதும் அதுதான். அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு எழுதினால், ஆஸ்துமா இருப்பவர் அதை மறுபடி நினைவூட்ட வேண்டும். மூச்சுத் திணறலைக் கூட்டும்.

ஸ்டீராய்டு மாத்திரை தந்தால் சாப்பாட்டுக்குப் பின் விழுங்குங்கள், சர்க்கரையை அடிக்கடி பாருங்கள், கண் தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்புவதோடு உடம்பும் தளர்ந்துபோகும். விழித்திரையோ பார்வை நரம்போ பாதித்தவர்களுக்குத் தேற மாதங்கள் ஆகும். சிலருக்குக் குறை நின்றுவிடுவதும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைக்கும்

கொசுவால் பரவும் மற்றொரு வைரஸான சிகாவின் தொற்று கேரளத்தில் முதன்முதலாக 2021 ஜூலையில் உறுதி செய்யப்பட்டது நமக்கு அடுத்திருக்கும் பாறசாலைப் பகுதியில்தான். பெரியவர்களுக்குச் சிகாவால் வருவது பெரும்பாலும் இலேசான காய்ச்சல், தடிப்பு, பீளையில்லாத கண் சிவப்பு, அவ்வளவே. ஆனால் கர்ப்பத்தில் வந்தால் குழந்தையின் மூளையையும் விழித்திரையின் மையத்தையும் பார்வை நரம்பையும் தாக்கக்கூடும் என்பதை, 2015இல் தொடங்கிப் பிரேசிலில் பிறந்த குழந்தைகளிடம் உலகம் கண்டது. கர்ப்ப காலத்தில் காய்ச்சலோடு தடிப்பும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், அது எவ்வளவு இலேசாக இருந்தாலும், மகப்பேறு மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். சிகா என்று உறுதியானால், குழந்தையின் தலை அளவு சரியாக இருந்தாலும், பிறந்த முதல் மாதத்துக்குள் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கும்படி கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது

டெங்கு, சிக்குன்குனியா, சிகா மூன்றையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. நோயாளியைக் கடித்த கொசு வீட்டில் அடுத்தவரைக் கடிக்கும் என்பதால், பகல் தூக்கத்திலும் நோயாளியைக் கொசுவலைக்குள் வையுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு முறை தண்ணீர் தேங்கும் எதையும் கவிழ்க்க வேண்டும். நம் ஊரில் அது தொட்டியையும் டயரையும்விட ரப்பர் மரத்துச் சிரட்டைதான். மழைக்காகப் பால் வெட்டை நிறுத்தும் நாட்களில் சிரட்டைகளைக் கம்பியில் கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். அந்த அக்கா இப்போது தன் வரிசை மரங்களோடு, வெட்டு ஆள் வராத பக்கத்துத் தோட்டத்து வரிசையையும் சேர்த்தே கவிழ்த்துவிட்டு வருகிறார். கட்டம் போட்ட அந்த நோட்டு அவர் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. கடந்த ஐப்பசியில் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது, தேதி எழுதிய புதிய பக்கம் ஒன்றோடு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.